பால் கவரில் வளர்ந்த சாட்சி

மலைமேல் நான் நெருப்பைத் தொடக் கூடாது என்று எங்கள் ஊர் ஒரு கட்டுப்பாடு வைத்தது. அது பன்னிரண்டு வருஷம் நடந்தது. வீட்டு அடுப்பில் எரிக்கலாம், கொல்லையில் குப்பை கொளுத்தலாம், ஆனால் மலையடிவாரத்து வேப்பமரத்தைத் தாண்டிவிட்டால் என் மடியில் ஒரு தீக்குச்சிகூட இருக்கக் கூடாது. இந்தப் பெருமையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் எங்கள் கிராம வனக்குழுவின் தலைவர். என் மாமனாருக்குப் பங்காளி, முறைக்கு எனக்கும் மாமா. அவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனசு இளகி அழுதேன் என்று எழுதுவேனோ என்று எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து சிங்கவரம் பக்கமாகப் போகும் டவுன் பஸ் எங்கள் ஊர் ரேஷன் கடை முன்னால் நின்று திரும்பும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் யாரும் அதில் ஏறுவதில்லை. எங்கள் மலையில் கோட்டையும் இல்லை, ராஜாவும் இல்லை. உருண்டைப் பாறைகள், முள், காரைச் செடி, நடுவில் ஒரு சுனை, சுனைக்கரையில் ஏழு கல்லாகக் கன்னிமார், அவ்வளவுதான். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊரே ஏறிப்போய் அங்கே பாறைமேல் பொங்கல் வைக்கும். வீட்டுக்கு ஓர் அடுப்பு, பங்காளி வரிசைப்படி. தனித்தனியாக யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கன்னிமார் முன்னால் ஏற்றிய சூடத்திலிருந்து முதல் அடுப்பு, முதல் அடுப்பிலிருந்து இரண்டாவது அடுப்பு என்று, காய்ந்த தென்னோலையில் ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நெருப்பு போகும். பக்கத்து அடுப்புக்காரியோடு வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தாலும் அன்றைக்கு அவளிடம் நெருப்பு வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது முகத்தை வேண்டுமானால் திருப்பிக்கொள்ளலாம். நானே இரண்டு வருஷம் அப்படித் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

வனக்குழு வந்தபோது என் மகள் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். காட்டிலாகா ஜீப் வந்தது. மலையை இனி ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும், பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, காய்ந்த சுள்ளியைத் தலைச்சுமையாக எடுத்துக்கொள்ளலாம், சீத்தாப்பழம் ஊருக்கே, பதிலுக்குத் தடுப்பணையும் தையல் மிஷினும் வரும் என்றார்கள். மலை அப்போது மொட்டையாக இருந்தது. ஓடையில் ஒரு மழைக்கு வந்த தண்ணீர் மறுநாள் இருக்காது. கிணறுகள் மாசியிலேயே தரை தட்டிவிடும். அதனால் ஊரும் சரி என்றது. தலைவர் பதவிக்கு மாமாவைத் தவிர யாரும் நிற்கவில்லை. நிற்கலாம் என்று நினைத்தவர்களை நிற்க வேண்டாம் என்று அவரே வீடு தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எனக்கு நாற்றங்கால் கிடைத்தது. செஞ்சியில் பத்தாவது வரை படித்தவள், மகளிர் குழு நோட்டை எழுதுகிறவள் என்பதால் கொடுத்தார்கள். நாவல், புங்கன், இலுப்பை, நீர்மருது என்று எங்கள் மலையில் ஒரு காலத்தில் இருந்ததாகச் சொல்லப்பட்ட மரங்களாகப் பார்த்து விதை சேர்த்தோம். செம்மண்ணும் மணலும் மாட்டெருவும் கலந்து நிரப்ப வேண்டிய கறுப்புப் பாக்கெட்டுகள்தான் போதவில்லை. கேட்டால் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. முளைத்த விதை காத்திருக்குமா? நான் செஞ்சி கடைத்தெருவில் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கி, காலிப் பால் கவர்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். குழுப் பெண்கள் பம்புசெட் தொட்டியில் உட்கார்ந்து அவற்றைக் கழுவினோம். புளித்த பால் நாற்றம் மூன்று நாளைக்குக் கையை விட்டுப் போகவில்லை. சாக்கு ஊசியால் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி நட்டோம். எங்கள் குழுவுக்கு ஊரில் ‘பால் கவர் கம்பெனி’ என்று பெயர் வந்தது. அந்த ஒரு வருஷம்தான் எங்கள் ஊரில் பால் கவரில் கன்று வளர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்றுகள் முழங்கால் உயரம் வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நடுவதற்கு அதுதான் காலம். ஆனால் மல்லாட்டை பிடுங்குவதற்கும் அதுதான் காலம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். ஒரு நாள் தாமதித்தாலும் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும் என்பதால் ஊரில் ஒரு கை சும்மா இருக்காது. மாமா சொன்னார், “நீங்க உங்க கொல்லய பாருங்க. நான் வெளியூர் ஆளுங்கள வச்சி நட்டுடறேன்.” இரண்டு டிராக்டரில் என் கன்றுகள் ஏறிப் போயின. நான் மல்லாட்டைச் செடியைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்று பார்த்தேன். என்ன நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அன்றைக்கு அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கிழக்குச் சரிவில் குழி தோண்டியிருந்தது தெரிந்தது. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டதால் குழிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் போய்க் குனிந்து பார்க்கவில்லை. பங்குனியில் பெரிய அதிகாரிகள் நட்ட கன்றுகளைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பகலில், கிழக்குச் சரிவு முழுக்க எரிந்துபோனது.

அன்று காலை நான் மலையில் இருந்தேன். கன்னிமாருக்கு விளக்குப் போட்டுவிட்டு, ஒரு கட்டு சுள்ளி பொறுக்கிக்கொண்டு இறங்கி வந்தேன். அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் பின்னால் புகையைப் பார்த்தேன். சுள்ளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மற்றவர்களோடு நானும் பச்சைத் தழையால் அடித்தேன். என் புடவை முந்தானை பொசுங்கியது. எரிந்ததெல்லாம் என் கன்றுகள் என்று நினைத்து வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் சிமெண்டுத் தளத்தில் ஊர் கூடியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு மடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தீப்பெட்டி இருந்தது. விளக்குப் போடத் தீப்பெட்டி இல்லாமல் வாயாலா ஊதிப் பற்றவைக்க முடியும்? அதை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி தரையில் வைத்தார்.

“எட்டு ஆடு வச்சிருக்கா. புல்லு காஞ்சிபோச்சி. எரிச்சா புதுத் துளிர் வரும். அதுக்கு வச்சிட்டா. நான் வேற இன்னா சொல்றது?”

பழைய நாளில் ஆட்டுக்காரர்கள் அப்படி எரிப்பது உண்டுதான். அதனால் ஊருக்கு அது நம்பும்படியாக இருந்தது. நான் கத்தினேன். அந்தக் கன்றெல்லாம் நான் வளர்த்தது, என் பிள்ளைக்கு நானே கொள்ளி வைப்பேனா என்று கேட்டேன். எங்கள் ஊரில் பொய்யா மெய்யா என்று தெரிய வேண்டுமானால் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, கையாலேயே அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குமேல் கேள்வி இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை. கடையில் சூடம் வாங்கி வரச் சொன்னேன், உள்ளங்கையில் ஏற்றினேன், மூடி அணைத்தேன். தோல் உரிந்தது.

மாமா தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்.

“நெருப்புல பழகுன கை. அதுக்கு சூடம் ஒரு கணக்கா?”

கூட்டம் சிரித்தது. தீர்ப்பைக்கூட நான் மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். என்னோடு பால் கவர் கழுவியவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் ஆடு மலையில் ஏறக் கூடாது, நாற்றங்கால் என்னிடம் இருக்கக் கூடாது, மலையில் என் கை நெருப்பைத் தொடக் கூடாது என்று முடிவானது. எனக்குக் ‘கொள்ளிக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். அதை மட்டும் யாரும் கூடி முடிவு செய்யவில்லை. மறுநாள் காலையில் குழாயடியில் அது தானாகவே இருந்தது.

ஆடுகளை அவலூர்பேட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றோம். என் வீட்டுக்காரர் அப்போது பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு வந்தவர் இரண்டு நாள் இருந்தார். கிளம்பும்போது, “வுடு. ஊரோட ஒத்துப் போ. அவங்கள எதுத்துக்கினு நாம இன்னா பண்ண முடியும்?” என்றார். அவர் நல்லவர். நல்லவர்களிடம் இந்த மாதிரி விஷயத்தில் யோசனை கேட்கக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஆடியில் வழக்கம்போல அடுப்புக்கல் கூட்டி, பானையில் அரிசியோடு பாறைமேல் உட்கார்ந்தேன். கட்டுப்பாடு என்றால் நான் தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்றுதானே அர்த்தம், முன் அடுப்பிலிருந்து வரும் நெருப்பை வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். வரிசையில் முதல் அடுப்பு மாமா வீட்டு அடுப்பு, அடுத்தது என்னுடையது. அவர் மனைவி எரியும் ஓலையோடு எழுந்தாள், என்னைப் பார்த்தாள், என் அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்தவளிடம் கொடுத்தாள். வரிசை அப்படியே நகர்ந்துவிட்டது. சுற்றிலும் பானைகள் பொங்கின, குலவை போட்டார்கள். நான் ஊறிப்போன பச்சரிசியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மகள் வழியெல்லாம், “ஏம்மா நம்புள்து மட்டும் பொங்கல?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வருஷமும் போனேன். அதற்கடுத்த வருஷமும். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, அடுப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

தீ வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்தது இரண்டாவது வருஷம் தையில். எங்கள் மேற்கு ஓடையில் வனக்குழு கட்டிய தடுப்பணை ஒன்று இருக்கிறது. ஒதுக்குப்புறம், வழியெல்லாம் முள், யாரும் போவதில்லை. கோழிக்குப் போடலாம் என்று கறையான் மண் தேடிப் போனவள், அணைக்குப் பின்னால் ஒரே இடத்தில் பச்சையாக மண்டியிருந்ததைப் பார்த்தேன். நாவலும் புங்கனும் இலுப்பையும் மருதுமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சாய்ந்து, கோணி, நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றன. காட்டில் மரம் அப்படி முளைக்காது. குனிந்து பார்த்தேன். வேரைச் சுற்றிப் பால் கவர் இருந்தது. சாக்கு ஊசியால் போட்ட ஓட்டையும் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கிழக்குச் சரிவில் ஒரு கன்றுகூட நடப்படவில்லை. வெறும் குழி தோண்டிக் காட்டிவிட்டு, இரண்டு டிராக்டர் கன்றுகளையும் கொண்டுவந்து இந்த ஓடையில் கவிழ்த்திருக்கிறார்கள். நடுகிற கூலி எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதிகாரிகள் வந்து குழியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் சரிவையே எரித்திருக்கிறார்கள். கன்று இல்லாத இடத்தில் எரிந்தது வெறும் புல். அந்தப் புல்லுக்கு நான் கொள்ளிக்காரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் அவர் கட்டிய தடுப்பணையே வண்டலையும் தண்ணீரையும் பிடித்துவைத்து, அவர் கொட்டிய கன்றுகளைக் காப்பாற்றிவிட்டது. முக்கால்வாசி செத்திருந்தன. மிச்சம் கவரைக் கிழித்துக்கொண்டு வேர்விட்டிருந்தன. நான் அங்கே உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

உடனே ஓடிப்போய்க் கூவத்தான் தோன்றியது. பாதி வழி இறங்கியும் விட்டேன். அப்புறம் நின்று யோசித்தேன். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? சாயங்காலத்துக்குள் இந்த ஓடையும் எரியும், அதையும் நானே வைத்ததாகத் தீர்ப்பு வரும். இடுப்பளவுக் கன்றைப் பிடுங்கிப்போட ஒரு மணி நேரம் போதும். மரமாகிவிட்டால் மறைக்க முடியாது. எனக்கு ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி நாலு ஆள் உயரம் வளர வேண்டும். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து பத்து வருஷம் நான் அந்த ஓடைக்கு உழைத்தேன். சுள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குடத்தோடு போவேன். குடம் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். சுனைத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும் என்றேன். சித்திரை வைகாசியில் சுனையிலிருந்து ஓடைக்குத் தினம் பத்து நடை. சுற்றிலும் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு ஆடு வராமல் அடைத்தேன். மாசி பிறந்ததும் தோப்பைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி எடுத்துவிடுவேன், எங்கே தீப்பிடித்தாலும் உள்ளே தாண்டாது. மலையிலேயே ஒழுங்காகத் தீத்தடுப்புக் கோடு போட்டிருந்த ஒரே இடம் கொள்ளிக்காரி போட்டதுதான். கன்றுகளைப் பிரித்து நட்டால் நன்றாக வளரும் என்பது எனக்குத் தெரியாதா? ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து நட்டால் அது தோப்பு, குவியலாக நின்றால்தான் அது சாட்சி. வெளியே தெரிந்த பால் கவர்களை வெயிலில் பொடிந்துபோகாமல் கல் வைத்து மூடினேன்.

பாசத்தால் செய்தேன் என்று சொன்னால் அது பொய். மழை பொய்த்த ஒரு வருஷம் இலையெல்லாம் கொட்டி நின்றபோது ஒவ்வொரு மரத்தையும் தட்டித் திட்டினேன். “எனக்கு சாட்சி சொல்லிட்டு செத்துப்போ, அதுக்கு முன்ன செத்த, வேரோட பேத்துடுவேன்” என்றேன். பயந்தோ என்னவோ, துளிர்த்துவிட்டன. இதற்கிடையில் மாமாவுக்குச் சர்க்கரை வந்தது, கண்ணில் புரை விழுந்தது, மனைவி செத்துப்போனாள். அவர் நோயில் படுத்தபோதெல்லாம் நான் கன்னிமாரிடம் போய், இந்த ஆளுக்கு ஆயுசைக் கெட்டியாக்கு என்று வேண்டிக்கொண்டேன். அவர் பிள்ளைகூட அவருக்காக அவ்வளவு வேண்டியிருக்க மாட்டான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்குத் தெய்வம் கொல்ல வேண்டாம், அவர் நின்றால் போதும்.

நான் யாரிடமும் போய்ச் சொல்லாமலேயே அந்த நாள் வந்தது. புதிதாக வந்த வனத்துறை ஆபீசர் அம்மா மலை முழுக்கக் கால்நடையாகச் சுற்றுகிறவர். எதிர்ப்பாறையில் நின்றபோது ஓடையில் அடர்ந்த பச்சையும் அதற்குமேல் பறவைக் கூட்டமும் தெரிந்திருக்கிறது. தலைவரை அழைத்து, இது யார் நட்டது என்று கேட்டிருக்கிறார். கன்றுகளை எங்காவது தள்ளிவிட்டு வாருங்கள் என்று ஆள்களிடம் சொன்னவர் மாமா. எந்த ஓடையில் தள்ளினார்கள் என்று அவர் போய்ப் பார்த்ததில்லை. எல்லாம் என்றைக்கோ மக்கிப்போயிருக்கும் என்பது அவர் நினைப்பு. தானாக முளைத்த காடு என்று எண்ணிக்கொண்டு, சும்மா வரும் பெருமையை விடுவானேன் என்று, “நாங்க நட்டதுதாம்மா” என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆடிப் பொங்கலுக்கு ஊரே மலைக்கு வருமே, அன்றைக்கே தோப்பில் ஒரு கூட்டம் போட்டுத் தலைவர் பெயரில் போர்டு வைத்துவிடலாம் என்றார். இது குழாயடியில் என் காதுக்கு வந்தபோது குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பொங்கலுக்கு முன்னால் ஊரே ஓடைக்குப் போனது. பாதிப் பேர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. நிழலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நாவல் மரத்தடியெல்லாம் பழம் நசுங்கி ஊதாவாகக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமா பேசினார். கல்லும் முள்ளும் மிதித்து, வேர்வை சிந்தி, ஒவ்வொரு கன்றாகத் தன் கையால் நட்டதாகச் சொன்னார். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியது ஞாபகத்துக்கு வந்தது. அவர் முடித்ததும் கையைத் தூக்கினேன்.

“எந்த வருஷம் மாமா நட்டீங்க?”

கூட்டம் திரும்பியது. பன்னிரண்டு வருஷத்தில் ஊர்க்கூட்டத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

“ஏன், உனக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல ஒரு தபாதான நட்டது. நீதான நாத்து வுட்ட.” பெரிய மனசு பண்ணி எனக்கும் ஒரு பங்கு கொடுக்கிறாராம்.

“பால் கவர் வருஷம்.”

“ஆமா, அதேதான்.”

“எல்லாக் கன்னையும் இங்கதான் நட்டீங்களா?”

“எல்லாம் இங்கதான். எண்ணிக்கூட பாத்துக்கோ.”

நான் முன்னால் நடந்தேன். குனிந்து ஒரு கல்லைப் புரட்டினேன், இரண்டாவது கல்லைப் புரட்டினேன். வேர் முண்டுகளுக்கு நடுவில் கொத்துக் கொத்தாகக் கவர்கள் நசுங்கிக் கிடந்தன. ஒன்றைப் பிய்த்து எடுத்து, என்னோடு அன்றைக்குப் பம்புசெட் தொட்டியில் கழுவியவள் கையில் கொடுத்தேன். அவள் மண்ணைத் துடைத்துவிட்டு அடியில் பார்த்தாள்.

“இது நம்ம ஊசி ஓட்டதான? கவர்கூட கிழிக்காம கெடக்குதே! கவரோட யாராவது நடுவாங்களா?”

“நடல. கொட்டியிருக்காங்க” என்றேன். பிறகு மாமாவிடம் திரும்பினேன். கத்தவில்லை. பத்து வருஷம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், சத்தமே தேவைப்படவில்லை. “எல்லாக் கன்னும் இங்க இருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப கெழக்கு சரிவுல எரிஞ்சது இன்னா மாமா?”

ஆபீசர் அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூலி ஆள்கள் செய்த தப்பு, தனக்கு எப்படித் தெரியும் என்றார். யார் தப்பாகவோ இருக்கட்டும், ஒன்றும் இல்லாத சரிவு அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எப்படிப் பற்றியது என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் கேட்கவில்லை. எனக்குச் சிரமம் வைக்காமல் ஊரே கேட்க ஆரம்பித்தது. பொங்கல் சாமான் கூடையிலிருந்து ஒரு சூடக்கட்டியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“அணைங்க. நான் அணைச்ச மாதிரி அணைச்சிட்டு, நீங்க வைக்கலன்னு சொல்லுங்க. போய்டறேன்.”

அவர் கை துண்டுக்குள்ளேயே இருந்தது. வெகு நேரம் நீட்டிக்கொண்டு நின்றேன். கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை. கடைசிவரை ‘நான்தான் வைத்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. கை வெளியே வரவும் இல்லை. எங்கள் ஊருக்கு அது போதும். அன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். கொண்டுவந்த போர்டை ஆபீசர் அம்மாவோடு வந்த வனக்காவலர் திரும்ப ஜீப்புக்கே எடுத்துப் போனார்.

பாறைக்கு வந்ததும், முதல் அடுப்பு என்னுடையதாக இருக்கட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. என் கல்லைத் தூக்கிப்போய் வரிசையின் தலையில் போட்டேன். கன்னிமார் சூடத்தில் என் ஓலையைக் காட்டினேன். அது பிடித்துக்கொண்டது. அடுப்பு எரிந்தது. எனக்கு அடுத்து மாமா வீட்டு அடுப்பு. அவர் மருமகள் காய்ந்த ஓலையோடு எழுந்து நின்றாள். நல்ல பெண், அந்தத் தீயெல்லாம் நடந்த பிறகு வாழ வந்தவள், அவளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

“அக்கா, நெருப்பு...” என்றாள்.

பன்னிரண்டு வருஷமாக நான் நினைத்திருந்தது அவர்கள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான். எத்தனையோ முறை மனசுக்குள் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவளைப் பார்த்ததும் அதைவிட நல்ல யோசனை வந்தது.

“உனுக்கு இல்லம்மா. உன் மாமனார வரச் சொல்லு. அவரே வந்து வாங்கிக்கினு போவட்டும்.”

ஆம்பளை பொங்கல் நெருப்பு வாங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. யாரோ ஒருத்தி அதைச் சொல்ல வாயெடுத்தாள், பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். அவர் வீட்டுக்குப் பின்னால் இன்னும் அத்தனை அடுப்புகள் காத்திருந்தன. அவர் வாங்காமல் வரிசை நகராது. மருமகள் போய்ச் சொன்னாள். பாறை நிழலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். என் அடுப்பு தரையில் இருந்ததால் அவர் குனிய வேண்டியிருந்தது. குனிந்தார். மருமகள் கொடுத்த ஓலையை என் நெருப்பில் நீட்டினார். கண் சரியாகத் தெரியாததால் ஓலை நெருப்பைத் தாண்டிப் போனது. நானே அவர் மணிக்கட்டைப் பிடித்து, நெருப்பில் சரியாகக் காட்டிப் பற்றவைத்தேன்.

“பாத்துப் புடிங்க மாமா. மலையில நெருப்பு” என்றேன்.

அவர் எரியும் ஓலையோடு திரும்பி நடந்தார். நாலடி போவதற்குள் ஆடிக் காற்று அடித்து ஓலை அணைந்துபோனது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கையில் புகையும் ஓலையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி என் அடுப்புக்கே வந்து மறுபடியும் குனிந்தார்.